மஞ்சள் வைத்த ஜேர்சி

பொதியைப் பிரித்ததும் துஷாந்தினிக்குத் தலை சுற்றியது. ஆறு வெள்ளை ஜேர்சிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காய் மடிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் நெஞ்சிலும், சரியாக எண் வரவேண்டிய இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள் தடவியிருந்தது.

"யாரு செஞ்ச வேல இது?"

அச்சுக்கடையின் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த பாப்பம்மா நிமிர்ந்தாள். "பூசாரிதான் வச்சாரு. காலையில கோயில்ல வச்சி எடுத்தோம்ல. புதுத்துணிய மஞ்சள் வைக்காமயா உடுத்துவாங்க?"

"வெள்ளையில ஒரு பொட்டுக் கறை படக்கூடாதுன்னு எத்தன தடவ அடிச்சிக்கிட்டேன் அக்கா!"

"கறையா? மஞ்சளப் போயி கறைங்கிறியே. வாயக் கழுவுடி."

பல்லேபொலைப் பக்கத்து மிளகுத் தோட்டத்துப் பெண்களின் கரப்பந்தாட்ட அணிக்குத் துஷாந்தினி தலைவி. வலைக்கு மேல் எழும்பிப் பாப்பம்மா அடிக்கும் அடியை நம்பித்தான் அந்த அணி ஓடுகிறது. மறுநாள் மாத்தளையில் போட்டி. போன வருடம் இதே போட்டியில், அரையிறுதி பாதியில் நிற்க, பாப்பம்மாவின் ஜேர்சியிலிருந்த ஏழாம் எண் உரிந்து தொங்கியது. அடுத்த எழும்பலில் விழுந்தே விட்டது. எண் இல்லாதவர் ஆட முடியாது என்றார் நடுவர். அணியில் மொத்தமே ஆறு பேர், மாற்றுக்கு ஆள் கிடையாது. வென்றுகொண்டிருந்த ஆட்டத்தை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டியதாயிற்று.

அது ஸ்டிக்கர் எண். மெல்லிய பிளாஸ்டிக் தாளை எண் வடிவில் வெட்டி, அதன் அடியிலுள்ள பசையைச் சூட்டில் இளக்கித் துணியில் அழுத்தி ஒட்டுவார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் அது துணியின் மேல் உட்கார்ந்திருக்குமே தவிர உள்ளே போகாது. பயிற்சி முடிந்து வந்து ஒவ்வொரு நாளும் பீலித் தண்ணீர் விழும் கரைக் கல்லில் அடித்துத் துவைத்தால் எந்தப் பசைதான் தாங்கும்? துஷாந்தினி இதை எல்லோருக்கும் விளக்கினாள். அவர்களோ வேறு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்: போன வருடம் அவசரத்தில் மஞ்சள் வைக்காமல் உடுத்திவிட்டோம்.

ஆகவே இந்த முறை அவள் தேர்ந்தெடுத்தது சப்லிமேஷன். பூசையறையில் திறந்து வைத்த கற்பூரம் உருகி ஓடாமலே சிறுத்துச் சிறுத்துக் காணாமல் போகுமல்லவா? இந்த மையும் அந்த இனம்தான். முதலில் ஒரு தாளில் எண்ணை இடவலம் மாற்றி அச்சிடுவார்கள். தாளைத் துணிமேல் கவிழ்த்து, சூடான இரும்புத் தட்டால் அழுத்தினால் மை நீராகாமல் நேரே ஆவியாகும். அந்தச் சூட்டில் பொலியஸ்டர் இழை நெகிழ்ந்து ஆவியை உள்ளே விடும், ஆறியதும் இறுகிக்கொள்ளும். பிறகு உரிந்து விழ ஒன்றுமில்லை, நூலே நிறமாகிவிடுகிறது. பருத்தியில் இது பிடிக்காது. துணியும் வெள்ளையாக இருந்தாக வேண்டும். அதனால்தான் பருத்தி வேண்டும், சிவப்பு வேண்டும் என்று கேட்டவர்களோடெல்லாம் சண்டை பிடித்து, வெள்ளைப் பொலியஸ்டர் வாங்க வைத்திருந்தாள்.

கடைக்காரர் ரவூப் ஒரு ஜேர்சியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"தங்கச்சி, இந்த மை கண்ணாடி மாதிரி. கீழ இருக்கிறத மறைக்காது. நீங்க நீல நம்பர் கேட்டிருக்கீங்க. மஞ்சளுக்கு மேல நீலம் போனா பச்சதான் வரும்."

"கழுவிப் பாப்பமா நானா?"

ரவூப் ஒரு வெள்ளைத் துண்டுத்துணியை எடுத்துப் போட்டார். பாப்பம்மா மடியிலிருந்த கோயில் பொட்டலத்தை அவிழ்த்து, ஏதோ தானமளிப்பவள் போல அதில் கொஞ்சம் மஞ்சள் தடவினாள். துஷாந்தினி சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் இரத்தச் சிவப்பாகியது.

"ஐயோ ஆத்தா!" என்று பாப்பம்மா எழுந்துவிட்டாள்.

"ஒன்னுமில்லக்கா. சவர்க்காரத்துல காரம் இருக்கு, காரம் பட்டா மஞ்சள் சிவக்கும். தண்ணி ஊத்துனா திரும்பிரும்."

தண்ணீர் ஊற்றியதும் திரும்பியது. சற்று வெளிறிய மஞ்சள், ஆனால் போகவில்லை. நல்ல வெயிலில் காயப்போட்டால் மஞ்சள் தானாக மங்கிவிடும். வெளியே காலையிலிருந்து மழை.

"எப்பிடியோ தேச்சித் தேச்சி எடுத்துருவேன்" என்றாள் துஷாந்தினி.

"எடு. எடுத்துட்டு நீயே தனியா போயி வெளாடு." பாப்பம்மாவின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "சாமிகிட்ட வச்ச மஞ்சளக் கழுவுன துணிய நான் போடமாட்டேன். அவளுகளும் போடமாட்டாளுக. போன வருசம் பட்டது போதும்."

"போன வருசம் உரிஞ்சது பசையினால!"

"எனக்கு உரிஞ்சதுதான் தெரியும்."

ரவூப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஸ்டிக்கர் போட்டா மஞ்சளும் இருக்கும், மேல மறைஞ்சும் போயிரும்."

துஷாந்தினி ஈரத் துண்டை முறுக்கிப் பிழிந்தாள். இத்தனை மாதம் படித்து, கேட்டு, சண்டை பிடித்து, கடைசியில் அதே பசைக்கா? நாளை பாப்பம்மா எழும்பும்போதெல்லாம் பந்தைப் பார்ப்பதா, அவள் நெஞ்சிலிருக்கும் எண்ணைப் பார்ப்பதா?

"மஞ்சள் மேல ஒருக்கா அழுத்திக் காட்டுங்க நானா."

இன்னொரு துண்டில் மஞ்சள் தடவி, நீலத்தாளைக் கவிழ்த்து அழுத்தினார்கள். ரவூப் சொன்னபடியே நடுவில் பாசிப்பச்சை. அதைவிட மோசம், சுற்றியிருந்த மஞ்சள் முன்னைவிட அழுத்தமாகத் தெரிந்தது. அவள் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். சிவந்தது, மஞ்சளாகியது, அசையவில்லை. மஞ்சளின் சாயத்துக்கும் சூடான பொலியஸ்டருக்குள் நுழையத் தெரியும் என்று அவள் பார்த்த எந்த வீடியோவிலும் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பச்சையை மறைக்க வழி இருந்தது. எதற்கு மேல் போனாலும் கறுப்பு கறுப்புத்தான். எண்ணுக்கு வெளியே தெரியும் மஞ்சளை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நடுவர் எண்ணைத்தானே பார்ப்பார்?

"கறுப்புல அடிங்க. நல்லா தடிச்ச எழுத்து."

"மஞ்சள் பக்கத்துல நிக்கும் தங்கச்சி. சாகும்வரைக்கும் போகாது. பெறகு என்னைய ஏசக்கூடாது."

"அடிங்க நானா."

முதலில் பாப்பம்மாவின் ஜேர்சி. தட்டு மேலே எழும்பியதும் மெல்லிய புகை கலைந்தது. தடித்த கறுப்பு ஏழு. அதன் சாய்ந்த காலுக்குப் பக்கத்தில், சோறு தின்றவன் துடைத்துவிட்டது போல ஒரு மஞ்சள் தீற்றல். துஷாந்தினி கனவு கண்ட ஜேர்சி இதுவல்ல. நகத்தால் அந்த எண்ணைச் சுரண்டினாள். பிடித்து இழுத்தாள். கசக்கினாள். ஏழு அப்படியே இருந்தது.

"மஞ்சளும் போகாதாம்ல?" பாப்பம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "எத்தன தொவ தொவச்சாலும்?"

"போகாது."

"அப்ப இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடி? போன வருசமே இந்த மெசின்ல போட்டிருக்கலாமே!"

துஷாந்தினி பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த ஜேர்சியைச் சுருக்கமில்லாமல் தட்டில் விரித்தாள்.