கொட்டாவிக் காற்று

சூடம் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் கண் அவிந்து போகட்டும். அதுவும் வலது கண். இடது ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது.

ஐம்பத்தெட்டாம் வருடம் எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு சின்னப் பாய்ப்படகு வந்தது. புவியியல் வாத்தியாருக்குக் காற்றைப் பற்றித் தெரியாமலா இருக்கும் என்று தலைமையாசிரியர் பிரான்சுவா அதை என் தலையில் கட்டினார். பொங்கலுக்குள் பையன்கள் தாங்களாகவே பாய் விரித்துக் கடலில் மிதவையைச் சுற்றி வந்துவிட வேண்டும். இல்லையென்றால் எனக்கு ஏனாமுக்கு மாற்றல். ஏனாமும் புதுச்சேரி அரசாங்கத்து ஊர்தான், ஆனால் ஆந்திராவுக்குள் எங்கோ இருக்கிறது. என் மனைவி செல்வாம்பாளிடம் சொன்னேன்.

"நீங்க போங்க. நான் முத்தியால்பேட்டைய விட்டு வரமாட்டேன். இப்பவே கஞ்சி காய்ச்சக் கத்துக்குங்க" என்றாள்.

நம் ஊர் அலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். தினமும் பள்ளி விட்டதும் படகைத் தள்ளுவோம். அலை அதைத் தூக்கிவந்து மணலில் நட்டு வைக்கும். பிடுங்கி மறுபடி தள்ளுவோம். காதில் மணல், வேட்டியில் மணல், சோற்றில் மணல். ஐப்பசியும் கார்த்திகையும் இப்படியே போயின. மார்கழியில் பையன்கள் நின்றுகொண்டே தூங்கினார்கள், நான் நடந்துகொண்டே தூங்கினேன். கடைசியில் அலைக்கும் அலுத்துவிட்டது. ஒருநாள் கரைவரை வந்தது, எங்களைப் பார்த்தது, ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போய்விட்டது.

போகிக்கு முதல் நாள் சோதனை. கலியமூர்த்தி, பாவாடை என்ற இரண்டு பையன்கள் படகில் ஏறினார்கள். அலையைத் தாண்டியதும் படகு அப்படியே நின்றுவிட்டது. துளிக் காற்று இல்லை. பாய் ஈரத் துணி மாதிரி தொங்கியது. கரையில் குடைபிடித்து நின்ற பிரான்சுவா கடலைப் பார்த்தபடியே சொன்னார்:

"முசியே தணிகாசலம், ஏனாம்ல ஆறுதான். அலையே கெடையாது."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கொட்டாவிதான் வந்தது. அது அவரைத் தொற்றியது. அவரிடமிருந்து பள்ளிக் குமாஸ்தாவுக்கு, பிறகு வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு, மீன் கூடையோடு நின்ற பெண்களுக்கு. கடற்கரை முழுக்க ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டது. கொட்டாவியின் பின்பாதியில் மூச்சு வெளியே போகிறதல்லவா, அதில் பாய் புடைத்துப் படகு ஓடியது. அடுத்த கொட்டாவியின் முன்பாதி அதே படகைத் திருப்பி இழுத்தது.

எனக்கு விஷயம் பிடிபட்டது. "கலியமூர்த்தி, இழுக்கும்போது பாய இறக்கு, விடும்போது ஏத்து" என்றேன்.

"எத சார், கயிறயா?"

"கொட்டாவிய."

நல்ல பையன், உடனே புரிந்துகொண்டான். இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி மிதவையைச் சுற்றிவிட்டான். திரும்பும்போது கணக்கைத் தலைகீழாக மாற்றச் சொன்னேன். ஊரே மூச்சை உள்ளே இழுக்க, படகு சறுக்கி வந்து பிரான்சுவாவின் குடையை இடித்து நின்றது. அவர் கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, மாற்றல் கிடையாது, எல்லாரும் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்றார். செல்வாம்பாளிடம் சொல்லப் போனேன். முழுதும் கேட்டுவிட்டு அவளும் ஒரு கொட்டாவி விட்டாள். தெருக்கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

வலது கண்ணும் லேசாக மங்குகிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் படகு பள்ளிக்கு வந்து இறங்கியபோது நான் ஏனாமுக்கு மாற்றலாகிப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.