நாற்பது நொடிக்கு ஒரு தலையாட்டல்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு நான் ஒரு மனிதரை வேலையிலிருந்து அனுப்பினேன். அதே மூன்று இருபதுக்கு என் மகளைச் சமையலறை வாசலில் உட்கார வைத்து, பேன் சீப்பால் தலை வாரிக்கொண்டும் இருந்தேன். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் நடந்தன என்பதைச் சொன்னால்தான் மேற்கொண்டு சொல்ல முடியும்.

எங்கள் நிறுவனத்துக்குக் கட்டடம் கிடையாது. அவரவர் வீட்டிலிருந்துதான் வேலை. கூட்டம் என்றால் கணினிக்குள் இருக்கும் ஒரு கூடத்தில் கூடுவோம். நீள மேஜை, நாற்காலிகள், ஒரு சன்னல். சன்னலுக்கு வெளியே எந்நேரமும் காலை பத்து மணி வெயில். ஆளுக்கொரு உருவம் உண்டு. விதிமுறைத் தாளில் அதற்கு அவதாரம் என்று பெயர், எங்கள் வாயில் பொம்மை. பொம்மையின் தலைக்கு மேல் ஒரு பச்சைப் புள்ளி எரியும். இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தால் புள்ளி சாம்பல் நிறமாகும். யார் எத்தனை நிமிடம் சாம்பலாக இருந்தார் என்ற பட்டியல் வாரக் கடைசியில் மேனேஜருக்குப் போகும்.

நான் டெஸ்டர். பிறர் செய்து தருவதில் ஓட்டை இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது என் தொழில். ஏழு மாதத்துக்கு முன்பு, மூன்று மணி நேரக் கூட்டங்கள் பொறுக்காமல், எட்டு வரியில் தானாக ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். நாற்பது நொடிக்கு ஒரு தடவை பொம்மை தலையை மேல்கீழாக ஆட்டும், அவ்வளவுதான். தனிக் கூட்டத்தில், பெரிய கூட்டத்தில், இணையம் அறுந்து மறுபடி வரும்போது என்று மூன்று விதமாகச் சோதித்துப் பார்த்தேன். ஓட்டெடுப்பில் சோதிக்கவில்லை. ஓட்டெடுப்பு அறிவித்துவிட்டால் மேல்கீழாகத் தலையாட்டுவது சம்மதம், பக்கவாட்டில் ஆட்டுவது மறுப்பு என்று கூடம் எடுத்துக்கொள்ளும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை.

மகளுக்கு ஆறு வயது. அன்றைக்கு வகுப்பில் பாதிப் பிள்ளைகளை, தலையைச் சுத்தம் செய்து அனுப்பும்படி சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பொம்மையைக் கூடத்தில் உட்கார்த்திவிட்டு நான் சீப்பை எடுத்தேன்.

மூன்று ஐம்பதுக்குக் கையைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது கூடத்தின் சுவரில் முடிவு ஒட்டியிருந்தது. ‘குடைக்காரரை விடுவிக்கலாமா? சம்மதம் நான்கு. மறுப்பு இரண்டு.’ சம்மதம் சொன்னவர்களில் முதல் படம் என்னுடையது.

குடைக்காரர் எங்கள் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவர். மழையே வராத அந்தக் கூடத்துக்கு அவருடைய பொம்மை எப்போதும் விரித்த குடையோடு வரும். கேட்டால், “இலவசமா குடுத்தாங்க, விடுவேனா?” என்பார். அதே நகைச்சுவையை வாரம் இரண்டு முறை சொல்வார். மேலிடத்திலிருந்து குழுவில் ஒரு ஆளைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் நிறுவனத்துக்கோ ஜனநாயகம் என்று ஒரு வியாதி. குழுவில் ஆறு பேர் ஓட்டுப் போட வேண்டும், ஆறு பேரும் கூடத்தில் இருந்தாக வேண்டும், சரிசமமாக வந்தால் ஆள் நீடிப்பார். முடிவு வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மேலிடத்துக்குப் போகும்.

அவரிடமிருந்து செய்தி வந்திருந்தது. “என்ன டெஸ்டரம்மா, நான் சொன்னதைக் கேட்டுட்டுத்தானே தலையாட்டினீங்க?”

பதில் தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். அடுத்த அறைக்குப் போய் மடித்த துணியையே மறுபடி மடித்தேன். நான் என்ன எழுதினாலும், அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது என்பதுதான் அதன் அடியில் இருந்தது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஆறு மணிக்கு வந்ததும் சொன்னேன். சொல்லும்போதே சமையலறைக்கும் வாசலுக்குமாக நான் நடந்துகொண்டிருந்திருக்கிறேன்.

“முதல்ல உக்காரு. நீ நடக்கிறதுல எனக்குக் கழுத்து வலிக்குது.”

“உக்கார முடியலங்க.”

“சரி, போய் உண்மையைச் சொல்லிடு. நான் அங்க இல்ல, பொம்மைதான் ஆட்டிச்சுன்னு.”

“சொன்னா ஓட்டு செல்லாமப் போயிடும். அவர் தப்பிச்சிடுவார். ஆனா ஒரு ஆளைக் குறைக்கணுமே. வேலை நேரத்துல பேன் பாத்தவளை விட்டுட்டு வேற யாரைக் குறைப்பாங்க?”

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே யோசித்தார். “லிஃப்ட்ல இப்படி ஒண்ணு உண்டு. கதவு மூடாமலே மூடிட்டேன்னு கன்ட்ரோல் பெட்டிக்குச் செய்தி அனுப்பற மாதிரி, சில பேர் ஒரு சின்னக் கம்பியைச் சொருகிடுவாங்க. வேலை சுலபமா நடக்கும், ஆனா கதவு திறந்தபடியே லிஃப்ட் ஓடும். அதைப் பாத்தா நான் அந்த நிமிஷமே லிஃப்டை நிறுத்திடுவேன்.”

“நான் கம்பியைச் சொருகினேன்னு சொல்றீங்க.”

“நான் லிஃப்டைப் பத்திச் சொன்னேன்மா.”

புதன்கிழமை காலை டிசைனரை அழைத்தேன். கூடத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி, நெருங்கிய தோழி. சம்மதம் சொன்ன நால்வரில் அவளும் ஒருத்தி.

“ஏய், நீ எதுக்குடி அவருக்கு எதிரா ஆட்டினே?”

“நான் எங்க ஆட்டினேன்? துணிக்கடையில இருந்தேன்.”

“அப்புறம்?”

“நீ குடுத்ததுதானே அது. போன வருஷக் கடைசியில அனுப்பினியே, மறந்துட்டியா? நான் இரட்டையருக்கும் குடுத்தேன். ரொம்ப நல்லா வேலை செய்யுதுன்னு சொன்னாங்க.”

இரட்டையர் என்பது நிரல் எழுதும் இரண்டு பையன்கள். உறவெல்லாம் இல்லை, பொம்மைகளுக்கு ஒரே நீலச் சட்டை, எதிலும் ஒரே கருத்து. நான், இவள், இரட்டையர். நால்வர். மறுப்புச் சொன்னது மேனேஜரும், எச்.ஆர். வேலை பார்க்கும் ஆள்சேர்ப்பு அம்மாவும். அவர்கள் மட்டும்தான் ஆளாக உட்கார்ந்திருந்தவர்கள்.

“நாம போய்ச் சொல்லிடலாம்டி,” என்றேன்.

“சொல்லி? நாலு பேர் பேரும் கெடும். நாலுல ஒருத்தர் போவோம். அவருக்கு இருபது வருஷ அனுபவம், எங்கயாவது கிடைச்சிடும். எனக்கு யார் இருக்கா சொல்லு.”

“அவருக்கு யார் இருக்கான்னு உனக்குத் தெரியுமா?”

“உனக்குத் தெரியுமா?”

தெரியாது. நான்கு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். குடை தெரியும், அந்த ஒரே நகைச்சுவை தெரியும்.

அன்று மதியம் தொழில்காரர்கள் கூடும் வலைத்தளத்தில் அவர் இரண்டு வரி எழுதியிருந்தார். புது வேலை தேடுவதாக. கூடவே குடை பிடித்த பொம்மையின் படம். ஒரு மணி நேரத்தில் நூற்றுச் சொச்சம் இதயங்கள். யார் யார் போட்டார்கள் என்று வரிசையாகப் பார்த்தேன். டிசைனர் போட்டிருந்தாள். இரட்டையர் ஒருவர் பின் ஒருவராக. நான் விரலைத் திரைக்கு மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அன்றைக்கு எத்தனை தடவை தண்ணீர் குடித்தேன் என்றால், மகளே “அம்மா, உனக்கு ஜுரமா?” என்று கேட்டாள்.

வியாழக்கிழமை கூட்டத்தின் பதிவைத் திறந்தேன். பத்தொன்பது நிமிடம் பேசியிருக்கிறார். மேஜையைச் சுற்றிப் பொம்மைகள். நான்கு தலைகள் நாற்பது நொடிக்கு ஒரு முறை, கொஞ்சம் முன்பின்னாக, ஆடிக்கொண்டிருந்தன. அவர் அதைப் பார்த்து உற்சாகமாகிவிட்டிருந்தார். “ஆமா பாருங்க, உங்களுக்கே தெரியுது,” என்று இரண்டு இடத்தில் சொல்கிறார். ஒரு இடத்தில் என் பக்கம் திரும்பி, “டெஸ்டரம்மா சொல்லுவாங்க, அவங்களுக்கு இது புரியும்,” என்கிறார். என் பொம்மை சரியாக அந்த நேரத்தில் தலையாட்டியது.

பதிவை நிறுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். யாரோ காயப்போட்டிருந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே நின்றேன். பிறகு இறங்கி வந்து முதலிலிருந்து கேட்டேன்.

அவர் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசவே இல்லை. ஒவ்வொரு மாதமும் மூன்றாவது சனிக்கிழமை எடுக்கப்படும் தரவு நகல், முடிந்துவிட்டது என்று காட்டிக்கொண்டு பாதியில் நின்றுவிடுகிறதாம். மூன்று முறை எழுதினாராம். ஒருவரும் பதில் போடவில்லை. தரவைப் புது இடத்துக்கு மாற்றும் வேலையை அவர் தள்ளிப்போட்டதும் அதனால்தான். அந்தத் தாமதத்தைத்தான் மேலிடம் அவர் தலையில் கட்டியது. கடைசியில், “நான் இருந்தாலும் சரி, போனாலும் சரி, அந்தச் சனிக்கிழமையை மட்டும் பாத்துக்கோங்க,” என்று முடித்து, குடையைச் சாய்த்துக்கொண்டு வெளியே போனார்.

மூன்றாவது சனிக்கிழமை நகலை எடுத்து, அதிலிருந்த வரிகளை அசலோடு எண்ணிப் பார்த்தேன். பாதிதான் இருந்தது. அவர் எழுதிய மூன்று கடிதங்களும் என் மின்னஞ்சல் பெட்டியில் இருந்தன. திறக்காமல்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு, குடைக்காரரை அழைக்காமல், வாராந்தரக் கூட்டம். ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன்.  மேனேஜர் ஆரம்பிக்கும் முன்பே மைக்கைத் திறந்தேன்.

“சார், செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்புல நான் இல்ல.”

“புரியல. உங்க பொம்மை இருந்ததே.”

“பொம்மை மட்டும்தான் சார் இருந்துச்சு. தானா தலையாட்டுற மாதிரி எழுதி வெச்சிருந்தேன். நான் வீட்டுல பொண்ணுக்குப் பேன் பாத்துட்டு இருந்தேன்.”

யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள். மற்ற மூவரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.  “எல்லாரும் மைக்கைத் திறங்க. பொம்மையை நம்பி இனி ஒரு முடிவும் கிடையாது. வாயால சொல்லுங்க. குடைக்காரர் போகணுமா, வேணாமா?” என்றார் மேனேஜர்.

“வேணாம்,” என்றாள் டிசைனர்.  இரட்டையர் ஒரே குரலில் “வேணாம்.” ஆள்சேர்ப்பு அம்மாவும் மேனேஜரும் செவ்வாய்க்கிழமை சொன்னதையே சொன்னார்கள். நானும் சொன்னேன். நாற்பது நொடிகூட ஆகவில்லை.

“சரி. ஆனா ஐந்து மணிக்குள்ள ஒரு பேர் போகணும்,” என்றார் மேனேஜர். “வேற வழி இல்லம்மா. உங்க பேரைத்தான் வைக்கிறேன்.”

“வைங்க சார்.”

என்னைப் பற்றிய ஓட்டில் நான் இருக்கக் கூடாது. ஆறாவது ஆளாகக் குடைக்காரரை அழைத்தார்கள். ஆள்சேர்ப்பு அம்மா நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் அவருக்குச் சொன்னார்.  அவர் குடையை மடித்து வைத்திருந்தார். அப்படி நான் பார்த்ததே இல்லை.

மேனேஜர் “போகட்டும்.” ஆள்சேர்ப்பு அம்மா “போகட்டும்.” டிசைனர் “வேணாம்” என்றாள், இரண்டு தடவை. இரட்டையரில் ஒருவன் “வேணாம்”, இன்னொருவன் கொஞ்சம் தயங்கி “போகட்டும்.” அவர்கள் பிரிந்ததை முதல் முறையாகக் கேட்டோம். மூன்றுக்கு இரண்டு. குடைக்காரர் வேண்டாம் என்றால் சரிசமம், நான் நீடிப்பேன்.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றார். “அன்னிக்கு நான் பேசினதை அப்புறமாவது கேட்டீங்களா?”

“கேட்டேன் அண்ணா. நேத்து. ரெண்டு தடவை. மூணாவது சனிக்கிழமை நகலையும் எண்ணிட்டேன். நீங்க சொன்னது சரி. பாதிதான் இருக்கு.”

“எண்ணிட்டீங்களா?” அவர் குரல் சற்றே உயர்ந்தது. பிறகு இறங்கியது. “டெஸ்டரம்மா, நீங்க வந்து சொன்னதால நான் இருக்கேன். இல்லன்னு சொல்லல. ஆனா நாலு வருஷமா, இந்தம்மா ஒருத்தங்களுக்காவது நான் சொல்றது ஏறுதேன்னு நெனச்சுப் பேசிட்டு இருந்தேன். இனிமே நீங்க தலையாட்டினா நான் நொடி எண்ண ஆரம்பிச்சிடுவேன். அந்த மாதிரி என்னால வேலை செய்ய முடியாது.”

 என்ன சொன்னாலும் அது கெஞ்சலாகத்தான் இருந்திருக்கும்.

“போகட்டும்,” என்றார்.

நான்கு நாற்பது. ஆறு மணிக்கு என் கணக்கு மூடப்படும் என்று ஆள்சேர்ப்பு அம்மா அன்பாகவே தெரிவித்தார். டிசைனரிடமிருந்து அடுத்தடுத்து ஐந்து செய்திகள், நான்கில் அழுகை. ஐந்தாவதில், ஓட்டெடுப்பு வந்தால் தானாக நின்றுவிடுகிற மாதிரி ஸ்கிரிப்டைத் திருத்தித் தர முடியுமா என்று கேட்டிருந்தாள். பதில் போடவில்லை.

சனிக்கிழமை நகலை எப்படி எண்ணினேன் என்பதை எழுத ஆரம்பித்தேன். எதைத் திறக்க வேண்டும், எந்த இரண்டு எண்களை ஒப்பிட வேண்டும், எந்த இடத்தில் அது பொய் சொல்கிறது என்று பதினொரு படிகள். ஐந்து ஐம்பதுக்குக் குடைக்காரருக்கு அனுப்பினேன். என் கைபேசி எண்ணையும் கீழே சேர்த்தேன்.

அனுப்பியதும் எழுந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். ஐந்து ஐம்பத்தெட்டுக்குக் கைபேசி அடித்தது.

“ஏழாவது படி எனக்குப் புரியல,” என்றார். “சொல்லுங்க.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆறாவது படியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.