ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவை முப்பத்திரண்டு வருஷம் கட்டி மேய்த்தவளுக்கு, பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோரும் வைத்த பெயர் சலவை அக்கா. அவள் ஓய்வு பெற்று ஐந்து மாதமாகியும் பெயர் ஓய்வு பெறவில்லை. போர்வையில் இருக்கும் கறை அயோடினா, டீயா, ரத்தமா என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். "இது போகாதுக்கா" என்று சொல்லி அவளிடம் தப்பித்த ஆள் ஒருவரும் கிடையாது.

அதற்கும் முன்னால் அவள் பாட்டுக்காரி. பாட்டைத் தானே கட்டி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுவாள். நாலாவது மாடியில் குடியிருந்தபோது குடம் தூக்கி ஏறி இறங்கியே ஒரு படிக்கட்டுப் பாட்டுக் கட்டினாள். அதை முதல் பாட்டாக வைத்து ஒரு கேசட்டும் வந்தது. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அவள் அண்ணன்தான் ஆர்மோனியம் வாசித்தார், கடையின் பின்னறையில் ஒலிப்பதிவு செய்தார், முந்நூறு பிரதி எடுத்துக் கொடுத்தார். ஊரில் பாதிப் பேர் வீட்டில் அது ஓடியது.

இப்போது நகர நூலகத்தின் நூலகர் எங்கோ ஒரு பழைய பெட்டியில் அந்தக் கேசட்டைக் கண்டெடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்து பாட முடியுமா என்று போனில் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அக்கா வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். பழைய பாட்டு மட்டுமில்லை, புதிதாகப் பதினொன்று வைத்திருக்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டாள். அதுவும் உண்மைதான். சலவைச் சீட்டுகளின் பின்பக்கம் இத்தனை வருஷமாக எழுதி எழுதி ஒரு டப்பா நிறைந்திருந்தது. எழுதினாளே தவிர, ஒரு நாளும் வாய் திறந்து பாடியதில்லை. தொண்டை என்ற ஒன்று வேண்டுமே என்று யோசித்தது போனை வைத்த பிறகுதான்.

அவளுக்குத் தொண்டை மேல் சந்தேகம் வந்ததற்குக் காரணம் இருந்தது. கேசட் வந்து இரண்டு மாதத்தில் அண்ணன் வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அடுத்து வந்த மேடைக்கு வேறொரு ஆர்மோனியக்காரர் வந்தார். கேசட்டை இரண்டு தரம் போட்டுக் கேட்டு, "ஐந்தரைக் கட்டைம்மா" என்று சுருதியைத் தீர்மானித்தார். கட்டை என்பது ஆர்மோனியத்தில் சுருதி வைக்கும் இடம். அந்தக் கணக்கெல்லாம் அதுவரை அண்ணன் இலாகா. இவளுக்குப் பாடத்தான் தெரியும். 'உச்சிப்படி ஏறி நின்னா ஊரே எனக்குக் கீழே' என்ற வரி வந்தது. அறுநூறு பேர் முன்னால் குரல் கிழிந்தது. நாலு பேர் சிரித்தார்கள். மிச்சம் பேர் பரிதாபப்பட்டார்கள், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து கேசட்டோடு சேர்ந்து பாடிப் பார்த்தாள், எட்டவில்லை. மறுநாளும் எட்டவில்லை. கேசட்டில் இருப்பவள் பாடுகிறாள், தனக்கு முடியவில்லை என்றால் குரல் போய்விட்டது என்றுதானே அர்த்தம். இருபத்தேழு வயதில் கடையைக் கட்டினாள்.

விட்டதற்கு இதுதான் காரணம் என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. கேட்டவர்களிடம் எல்லாம் குழந்தைகள் சின்னது, பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதனால் விட்டேன் என்றாள். மரியாதையான காரணம். சொல்லிச் சொல்லி அவளே பாதி நம்பிவிட்டாள்.

ஆனாலும் இந்தத் தரம் பின்வாங்குவதாக இல்லை. எட்டாத வரியை எட்டுகிற இடத்தில் வைத்துப் பாடினால் போயிற்று, கிழவிக்குக் கிழவி குரல் என்று முடிவு செய்தாள். மகள்தான் பயந்தாள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவள், வலிக்காமல் காரியம் முடிய வேண்டும் என்பது அவள் கொள்கை. கேசட்டையே ஓட விட்டு வாயசைத்துவிடலாமே என்று யோசனை சொன்னாள். அக்கா பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே அடங்கியது.

புதன்கிழமை காலை அண்ணன் ஆர்மோனியத்தோடு வந்து இறங்கினார். அறுபத்தெட்டு வயது, ஒரு தோள்பட்டை சரியில்லை, ஆனால் பெட்டியை யாரிடமும் தூக்கக் கொடுக்கமாட்டார். துடைத்து, துருத்தியை இழுத்துப் பார்த்துவிட்டு, எந்தச் சுருதி என்றார்.

"ஐந்தரைல ஒரு தரம் வெச்சுப் பாரு. முடியலன்னா கீழ இறங்கிக்கலாம்."

"ஐந்தரையா? நாம எப்பவும் அஞ்சுலதானே பாடுவோம்?"

அக்காவுக்கு மூக்கின் மேல் கோபம். அண்ணனுக்கு மறதி வந்துவிட்டது என்று மகளிடம் ஜாடை காட்டிவிட்டு, கேசட்டைப் போட்டாள். அவர் ஐந்தாவது கட்டையை அழுத்தினார். கேசட்டின் சுருதி அதற்கு மேலே நின்றது. ஐந்தரையை அழுத்தினார். இப்போது கேசட் கீழே நின்றது. இரண்டு கட்டைக்கும் நடுவில், ஆர்மோனியத்தில் கட்டையே இல்லாத ஓர் இடத்தில், இருபத்தேழு வயதுக்காரி ஒருத்தி ஜம்மென்று பாடிக்கொண்டிருந்தாள்.

பெட்டி கெட்டுப்போச்சு மாமா என்று மகள் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். வேர்த்தது. அக்கா பாட்டை நிறுத்தினாள். முப்பத்திரண்டு வருஷம் கறை பார்த்த கண், மனுஷன் முகத்தில் இருப்பது தெரியாமல் போகுமா?

"என்ன பண்ணின, சொல்லு."

மென்று விழுங்கி ஒரு வழியாகச் சொன்னார். பாட்டுகள் மொத்தம் அறுபத்திரண்டரை நிமிஷம். கேசட் அறுபது நிமிஷம். கடைசிப் பாட்டு நடுவில் அறுந்துவிடும். எந்தப் பாட்டை வெட்டலாம் என்று கேட்டால் தங்கை ஒரு வழி பண்ணிவிடுவாள். அதனால் பிரதி எடுக்கும்போது மோட்டாரில் இருக்கும் சின்னத் திருகை லேசாகத் திருகி, எல்லாப் பாட்டையும் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிட்டார். வேகம் ஏறினால் சுருதியும் ஏறும். முந்நூறு பிரதியும் அப்படித்தான்.

"கொஞ்சூண்டுதான். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்."

அக்கா எழுந்து அடுக்களைக்குப் போனாள். கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. உலகத்தில் யாருமே பாடியிராத ஒரு சுருதியை எட்ட முடியவில்லை என்று அவள் வாயை மூடியிருக்கிறாள். திரும்பி வந்து, ஈரக் கையோடு நின்றபடி, அந்த மேடையில் நடந்ததை முதல் தடவையாக இன்னொரு மனுஷரிடம் சொன்னாள்.

அண்ணன் வெலவெலத்துப் போனார். "குழந்தைங்களுக்காக விட்டுட்டேன்னுதானே கடிதாசி போட்ட? இதுன்னு ஒரு வரி எழுதியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே."

திருகைத் திருகியது அவர், மூடி மறைத்தது இவள். இதற்குள் மகள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டிருந்தாள். பரீட்சையில் மார்க் குறைந்தபோதெல்லாம், காய்ச்சலில் படுத்தபோதெல்லாம், உங்களுக்காகப் பாட்டையே விட்டேன் என்று கேட்டு வளர்ந்தவள் அவள்.

"அப்போ எங்களால இல்லையாம்மா?" என்றாள்.

அக்கா இல்லை என்று தலையாட்டினாள். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அன்றும் மறுநாளும் போன் எடுக்கவில்லை. அக்காவுக்கு இப்போது தொண்டையைப் பற்றிக் கவலையே இல்லை. ஐந்து கட்டையில் அந்த வரி அவள் கைக்கடக்கமாக வந்தது. முதலில் பாடிய நிதானத்தில் பாடினால் படிக்கு ஒரு மூச்சு விட இடமிருந்தது. கேசட்டில் அந்த இடத்தைத்தான் அண்ணன் மிச்சம் பிடித்திருந்தார். மகள் வருவாளா என்பதுதான் இப்போது அவள் கவலை. மகள் வராமல் பாடிவிட்டால், இத்தனை நாள் அவள் தலையில் சுமத்திய பொய் அப்படியே நின்றுவிடும்.

ஞாயிறு நாலு மணிக்கு நூலக மாடியில் நூறு நாற்காலியும் நிறைந்து, ஜன்னலோரம் நின்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்தே ஒரு பட்டாளம் வந்திருந்தது. மகள் கடைசி வரிசையில், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நூலகர் வரவேற்புரையில், குடும்பத்துக்காகக் கலையைத் தியாகம் செய்தவர் என்று ஆரம்பித்தார். விசாரித்த இடத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அக்கா எழுந்து போய் மைக்கை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"தியாகம் எல்லாம் ஒண்ணும் இல்லைங்க. ஒரு மேடையில குரல் உடைஞ்சுது, அவமானமா இருந்துச்சு, பயந்துட்டு விட்டுட்டேன். பழியைப் பிள்ளைங்க தலையில போட்டேன். அதுங்க பாவம், அதையும் சுமந்துக்கிட்டு வளந்துதுங்க. என் பொண்ணு பின்னால உட்கார்ந்திருக்கா. அவ தெரிஞ்சுக்கணும்னு இல்ல, அவளுக்குத் தெரியும். நீங்க தெரிஞ்சுக்கணும்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணன் ஐந்தாவது கட்டையை அழுத்தினார். கேசட்டைவிட நிதானமாக, ஒவ்வொரு படிக்கும் மூச்சு வாங்கி, குடம் தளும்பாமல் அவள் ஏறினாள். உச்சிப்படி வந்தது. குரல் போய் அங்கே நின்றது. கேசட்டில் இருந்த பளபளப்பு அதில் இல்லை. கனமாக, கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. ஆனால் அசையவில்லை. நின்ற இடத்திலிருந்து கீழே பார்த்தாள். நூறு பேரைத் தாண்டிக் கடைசி வரிசையில் மகள் எழுந்து நின்று இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கைதட்டல் அடங்குவதற்குள் அண்ணன் ஆர்மோனியத்துக்கு மேலாகக் குனிந்து, என் மேல் கோபம் தீர்ந்ததா என்று மெதுவாகக் கேட்டார். மைக் பக்கத்திலேயே இருந்தது என்பதை இருவருமே மறந்துவிட்டார்கள்.

"தீரல. உன்னைத் திட்டறதுக்கு இன்னும் நாள் இருக்கு. இப்ப அஞ்சு கட்டையை விடாம பிடி, பதினொண்ணு பாடணும்."