கோரை நட்சத்திரம்

எழுபத்தோராம் வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் நட்சத்திரம் ஒட்டக் கலர்த்தாள் கிடையாது. ஓட்டு நோட்டீஸ்தான் இருந்தது. மார்ச்சு மாதத் தேர்தலுக்கு இரண்டு கட்சிக்காரர்களும் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறைத்துவிட்டுப் போனதில், அடுப்பு பற்றவைத்தது போக மிச்சம் என் வீட்டுப் பரணில் கிடந்தது. ஒருவர் நோட்டீஸ் மஞ்சள், இன்னொருவருடையது ரோஸ். எழுத்து உள்பக்கம் போகிற மாதிரி மடித்து, மூங்கில் சிம்புகளில் மரவள்ளி மாவுப் பசை தடவி ஒட்டினேன். ஒரே நட்சத்திரத்தில் இரண்டு கட்சியும் சண்டையில்லாமல் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ராமாயி விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிப்பதற்கு வேறு எதுவும் இல்லை. அன்றைக்கு எங்கள் வேலைநிறுத்தத்தில் இருபதாம் நாள். தாளடிப் பயிருக்கு இரண்டாம் களை பறிக்கிற நேரம் பார்த்து, சிங்காரவேலு பண்ணையில் வேலை செய்யும் நாங்கள் பெண்கள் அத்தனை பேரும் கரையேறிவிட்டோம். கூலியில் அரை ரூபாய் கூட்டிக் கேட்டோம். களை முற்றினால் பயிர் தேறாது, நாலே நாளில் பண்ணை நம் வழிக்கு வரும் என்று நம்பினோம். பண்ணை வரவில்லை. ஒன்பதாம் நாள், பண்ணையின் காரியக்காரர் ரெத்தினம் திருமயத்துப் பக்கம் போய்ப் பதினாலு பேரை லாரியில் ஏற்றிவந்து களத்துக் கொட்டகையில் இறக்கினார். மறுநாள் விடிந்தபோது அவர்கள் எங்கள் வயலில் குனிந்து நின்றார்கள்.

எனக்கு வாய் அதிகம். ஞானப்பூ என்று பேர் வைத்தவர்கள் பூவை மட்டும் வைத்துவிட்டு ஞானத்தை மறந்துவிட்டார்கள் என்று என் கொழுந்தன் கேலி செய்வான். அன்று சாயங்காலம் தெருக்கூட்டத்தில், சங்கத்துக்காரரான முருகையன், "நாலு பேரு போயி அவங்ககிட்ட ரெண்டு வார்த்த பேசிப் பாப்போமே" என்றார். நான் விடவில்லை.

"வயித்துல அடிக்க வந்தவளுக்கு வெத்தல பாக்கு வச்சுப் பேசணுமா? இந்தத் தெருவுல ஒருத்தரும் அவங்ககிட்ட வாயத் தொறக்கக் கூடாது. நெருப்பு கேட்டாலும் குடுக்காதீங்க, வழி கேட்டாலும் சொல்லாதீங்க. எதுக்க வந்தா மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போங்க. நாலு நாள்ல தானா மூட்டையக் கட்டிடுவாளுவோ."

கூட்டம் கைதட்டியது. முருகையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சொன்னபடியே எல்லோரும் நடந்தார்கள். கிணற்றடியில் அவர்களில் ஒருத்தி, குட்டையாக, கன்னத்தில் அம்மைத் தழும்போடு இருப்பவள், "அக்கா, ஒரு சங்கதி கேக்கணும்" என்று பக்கத்தில் வந்திருக்கிறாள். கண்ணாத்தாள் பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆற்றங்கரையில் இன்னொருத்தி இதேபோல் வந்தாள். ராமாயி அந்தப் பக்கம் எருமை நிற்பதாக நினைத்துக்கொண்டு துணி துவைத்தாளாம். நாங்கள் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவர்கள் மட்டும் மூட்டையைக் கட்டவில்லை. பானையில் அரிசி குறைந்துகொண்டே வந்தது.

இருந்தாலும் கிறிஸ்துமஸை விட முடியுமா? வீடு வீடாகப் பாடிப் போகிற எங்கள் தெருப் பவனிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நட்சத்திரம் தொங்குகிற வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் கட்டமாட்டார்கள். கட்டினால், வா என்று அர்த்தம். ஆடு மேய்ந்த தகராறில் மூன்று வருஷம் முகம் பார்க்காத பங்காளி வீட்டுக்குள்கூட, நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டால் என் புருஷன் இன்னாசி தப்பு மேளத்தை அடித்துக்கொண்டு நுழைந்துவிடுவார். பாட்டு முடிந்ததும் வீட்டுக்கு ஒரு கொட்டான் கொடுப்போம். பனையோலையில் முடைந்த, கைக்குள் அடங்குகிற சின்னப் பெட்டி அது. இரண்டு கையாலும் நீட்டி, "பாலன் பொறந்தாரு" என்று சொல்ல வேண்டும். அவர்களும் இரண்டு கையாலும் வாங்க வேண்டும்.

மற்ற வருஷங்களில் கொட்டானுக்குள் அச்சுமுறுக்கு இருக்கும், நாகப்பட்டினத்தில் வாங்கிய கேக்குத் துண்டு இருக்கும். அந்த வருஷம் ஒரு பிடி பொரியும் ஒரு சில்லு வெல்லமும்தான். சரக்கு குறைவு என்பதால் கட்டுவதில் பகட்டுக் காட்டினேன். உள்ளே இளம் வாழையிலையை வட்டமாக வெட்டிப் போட்டேன். மூடியை ஈர வாழைநாரால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சில் ஒரு செவ்வந்தியும் இரண்டு துளசிக் கொத்தும் செருகினேன். சில கொட்டான்களுக்கு நார் போதாமல், சிகரெட்டு அட்டைக்குள் வரும் ஜிகினாத் தாளை நீளமாகக் கிழித்து முறுக்கிக் கட்டினேன். வரிசையாக முறத்தில் அடுக்கியதைப் பார்த்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது. அவ்வளவு அழகு.

அந்த வேலையில் இருந்தபோதுதான் கண்ணாத்தாள் ஓடிவந்தாள். "ஞானப்பூக்கா, களத்துக் கொட்டாயில நச்சத்திரம் கட்டியிருக்காளுவோ!"

போய்ப் பார்த்தோம். கொட்டகை வாசலில், மூங்கில் கழியின் நுனியில், எங்கள் தெருவில் எதையும்விடப் பெரிய நட்சத்திரம் தொங்கியது. யூரியா மூட்டைக்குள் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக்கை வெட்டி இழுத்துக் கட்டி, பின்னால் அரிக்கேன் விளக்கை மாட்டியிருந்தார்கள். அதன் ஐந்து முனைகளையும் சுற்றி, பச்சை மாறாத கோரையைச் சடை பின்னுகிற மாதிரி பின்னி விட்டிருந்தார்கள். கோரை எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருபது நாளுக்கு முன் எங்கள் கை பிடுங்கியிருக்க வேண்டிய கோரைக் களை. எங்கள் வேலையைப் பிடுங்கி, அதிலேயே அலங்காரமும் செய்துவிட்டார்கள் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அழகாக இருந்ததும் எரிச்சலாக இருந்தது.

"இப்ப பவனி அங்க போகணுமா, கூடாதா?" என்றாள் ராமாயி. அவள் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். ஆனால் பவனியில் முதல் ஆளாக நிற்பாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. தாண்டிப் போனால், பெரியவர்கள் காலத்திலிருந்து ஒருமுறைகூட மீறாத கட்டுப்பாட்டை மீறியவள் ஆவேன். நின்றால், நான் போட்ட கட்டுப்பாட்டை நானே மீறியவள் ஆவேன். கண்ணாத்தாள் வீட்டில் இரண்டு நாளாக மரவள்ளிக் கிழங்குதான். நான் நாளைக்குக் கொட்டகைக்குள் காலை வைத்தால், பெருநாள் கழிந்ததும் அவள் வயலுக்குள் காலை வைப்பாள். அவள் இறங்கினால் பின்னாலேயே எல்லோரும் இறங்கிவிடுவார்கள். இத்தனை நாள் பட்டினியும் வீணாகிவிடும்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பவனி கிளம்பியது. வீடு வீடாகப் பாடி முடித்து, வாய்க்கால் முக்குக்கு வந்தோம். இடது பக்கம் திரும்பினால் எங்கள் சின்னக் கோயில், நேரே போனால் களம். இன்னாசி தப்பை நிறுத்திவிட்டு நின்றார்.

"எடப்பக்கம் திரும்புங்க" என்றேன்.

"நச்சத்திரம் தெரியுதுல்ல?"

"தெரியட்டும். அது நம்ம வயக் கோரை."

"கோரை யாருதா இருந்தா என்ன? தொங்குது. தொங்குன வீட்டத் தாண்டி இந்தத் தப்பு போனதில்ல. நீ வேணா போ, நான் நிக்கிறேன்."

பின்னால் முப்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். "சரி, போவோம். பாடிட்டுத் திரும்பிடணும். பாட்டு பேச்சு இல்ல. ஒருத்தரும் ஒரு வார்த்த பேசக் கூடாது. கையிலயும் எதுவும் குடுக்கக் கூடாது. கொட்டான நான் வைக்கிறேன்." வக்கீல்கூட என்னிடம் தோற்றுப்போவார் என்று அப்போது எனக்கு நினைப்பு.

தப்புச் சத்தம் கேட்டதும் அவர்கள் கொட்டகைக்கு வெளியே வந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். பாதிப்பேர் காலில் சேற்றுப் புண். பாட்டின் இரண்டாம் அடியிலேயே அவர்களும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். எங்களைவிட நன்றாகப் பாடினார்கள். முடிந்ததும் அம்மைத் தழும்புக்காரி முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினாள். நான் கொட்டானை அவள் காலடியில், தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினேன்.

அவள் குனியவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது.

"கையில குடுக்க மாட்டீங்களா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. "நாங்க என்ன சாதின்னு ரெத்தினம் அய்யா சொல்லிட்டாரா? அதான் வந்த நாள்லேர்ந்து ஒருத்தரும் மொகம் குடுக்கலையா? வேதக்காரங்க தெருன்னாங்களே, நம்ம சனம்னு நெனச்சுத்தான் நட்சத்திரம் கட்டுனோம்."

மேல்சாதி ஊர்த்தெருக் கடையில் எனக்கு எதையும் கையில் கொடுக்கமாட்டார்கள். உப்போ, எண்ணெய்யோ, தரையில் வைத்துவிட்டு நாலடி பின்னால் போவார்கள். அப்புறம்தான் நான் எடுக்க வேண்டும். அதற்காக அந்தத் தெருவை நான் ஏசாத ஏச்சு இல்லை. இப்போது நான் பின்வாங்கி நிற்பதும் அதே நாலடிதான். என் வாழ்நாளில் அப்படி ஒரு வெட்கத்தை நான் பட்டதில்லை.

"அய்யோ, சாதி இல்லம்மா" என்றேன். கட்டுப்பாடு எல்லாம் காற்றில் போயிற்று. "நாங்களும் அதே ஆளுங்கதான். நீங்க எங்க வேலையில பூந்துட்டீங்களேன்னுதான். இருவத்தோரு நாளா நாங்க கூலி கேட்டு வேலைய நிறுத்திட்டு ஒக்காந்திருக்கோம்."

அவள் விழித்தாள். திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தாள். அவர்களும் விழித்தார்கள்.

"நீங்கதான் இந்த வயலுக்கு ஆளா? நீங்க வேற பண்ணைன்னாரே அவரு! இங்க ஆள் பத்தல, பொம்பளைங்க எல்லாம் நாகப்பட்டினத்துல எறா கம்பெனிக்குப் போயிட்டாங்கன்னுதான எங்களக் கூட்டியாந்தாரு. தெருப்பக்கம் போனா வம்பிழுப்பாங்க, பேச்சுக் குடுக்காதீங்கன்னும் சொன்னாரு."

"தெரு முக்குல கொடி நட்டிருக்கோமே, பாக்கலையா?" என்றாள் ராமாயி.

"கொடி எல்லா ஊர்லயும்தான் பறக்குது. எங்க ஊர்ல ஒரு வேப்ப மரத்துல மட்டும் மூணு பறக்குது. என்னமோ சரியில்லன்னு தோணித்தான் உங்ககிட்டயே கேக்க வந்தோம். கெணத்தடியில கேட்டேன். ஆத்தங்கரையில இவ கேட்டா. யாருமே வாயத் தொறக்கல." "ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே லாரி ஏறியிருப்போம்க்கா. நாங்களும் கூலி கேட்டு வேலைய நிறுத்துன ஆளுங்கதான்."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாத்தாள் விளக்கைப் பார்த்தாள். இன்னாசி தப்பைப் பார்த்தார். முருகையன் குனிந்து காலில் ஏதோ முள்ளைத் தேடினார். நான் கூட்டத்தில் அவரைப் பேசிய பேச்சுக்கு, இந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"பேசக் கூடாதுன்னு சொன்னது நான்தான்" என்றேன். "இவங்க யாரும் இல்ல. முருகையண்ணன் உங்ககிட்ட வந்து பேசலாம்னுதான் சொன்னாரு. நான்தான் விடல."

கீழே கிடந்த கொட்டானை எடுத்து, மண்ணைத் தட்டி, இரண்டு கையாலும் நீட்டினேன். "பாலன் பொறந்தாரு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் வாங்கிக்கொண்டாள். பேர் என்ன என்று அப்போதுதான் கேட்டேன். அருளாயி என்றாள்.

உள்ளே கூப்பிட்டுச் சாக்கை விரித்து உட்காரவைத்தார்கள். அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை அல்லி இலையில் மடித்துக் கோரையால் கட்டி, ஆளுக்கு ஒன்றாகத் தயாராக வைத்திருந்தார்கள். நாங்கள் வருவோம் என்று நம்பி முப்பது பொட்டலம் கட்டியிருக்கிறார்கள். கண்ணாத்தாள் தன்னுடையதைப் பிரிக்காமல் மடியில் கட்டிக்கொண்டாள், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதைப் பார்த்து அருளாயி தங்களுக்கென்று வைத்திருந்ததில் இரண்டை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

"எவ்வளவு வயல் முடிஞ்சிருக்கு?" என்று முருகையன் மெதுவாகக் கேட்டார்.

அருளாயி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "முக்காவாசி முடிச்சுட்டோமேய்யா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் பாக்கி."

பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நாளைக்குப் பெருநாளு. நாளன்னிக்கு அந்தப் பக்கத்துல எங்காளுங்க ஒருத்தரும் எறங்க மாட்டோம். காலையில ஊருக்குக் கெளம்பிடுறோம்."

நான் அவளிடம் அப்படிக் கேட்கவே இல்லை. பன்னிரண்டு நாளாக நான் கேட்டிருக்க வேண்டியது அது ஒன்றுதான்.