திரும்பிப் போன வெளிச்சம்

ஊர் உலகத்துக்கு அவள் பெரிய ஆள்தான். இருட்டுக் கூடத்தின் சுவரில் ஒரு துளை போட்டு, அதன் வழியே விழும் வெயில் தரையில் நகர்வதைக் கண்காட்சியாக வைத்தவள். எதுவும் நிற்பதில்லை என்று அதற்குத் தலைப்பு வேறு. பார்க்க வந்தவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அப்பா மட்டும், "வெயிலைப் பாக்க டிக்கெட்டா? நல்ல பொழப்புடி!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அப்போது அவருக்கு நினைவு தப்பியிருக்கவில்லை.

இப்போது அவருக்குக் கடிகாரமே பிடிபடுவதில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், ஒரு நிமிஷம் தாமதமானாலும் தாம்தூம் என்று குதித்தவர்! மகளைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று மரியாதையாக விசாரிப்பார். அம்மாவை மட்டும் மறக்கவில்லை. மருந்துக் கடையில் பில் போடும் அம்மா காலையில் செருப்பை மாட்டியதுமே அவர் ஆரம்பித்துவிடுவார். "அவ எங்க? எப்ப வருவா?" சாயங்காலம் வரை இதே பாட்டு.

மகள்தான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஜன்னல் வழியாக ஒரு துண்டு வெயில் கட்டிலடியில் விழும். மெல்ல நகர்ந்து ஐந்தரைக்கு வாசற்கதவைத் தொடும். அம்மா வருகிற நேரமும் அதுதான். கதவருகே சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். "வெளிச்சம் இந்தக் கோட்டுக்கு வந்ததும் அம்மா வந்துடுவாங்கப்பா." சொன்னதெல்லாம் மறந்துபோகும் மனுஷருக்கு இது மட்டும் எப்படியோ பதிந்துவிட்டது. நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்தபடி சமர்த்தாக உட்கார்ந்திருப்பார். கோட்டை நெருங்கும்போது தலையைச் சீவிக்கொள்வார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். சூரியன் சாய்வது மாற மாற, வாரம் ஒருமுறை அவள் கோட்டை அழித்துத் தள்ளிப் போட்டாள். இத்தனை வருஷத்தில் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான் என்று அவளுக்கே தோன்றியது.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பினார். மேஸ்திரியிடம் போய்க் கெஞ்சினாள். "ஓனரைக் கேளுங்கம்மா, நான் என்ன பண்ண?" ஓனரோ, "சூரியனை நானா கட்டிப் போட்டிருக்கேன்?" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார். பத்தே நாளில் சுவர் ஏறி ஜன்னல் வெளிச்சத்தை மறைத்தது. வெயில் நின்றது. அப்பா தெருவில் இறங்கி, எதிரே வந்த பெண்களின் முகத்தையெல்லாம் உற்று உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

விடுவாளா? பீரோவின் ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அதன் கோடியில் மட்டும் இன்னும் வெயில் இருந்தது. அங்கே கண்ணாடியை நிறுத்தி, இப்படியும் அப்படியும் திருப்பினாள். நாலு மணிக்கு, வெளிச்சம் ஜன்னல் வழியே பாய்ந்து சரியாகக் கோட்டின் மேலேயே விழுந்தது. அப்பாடா! உள்ளே அப்பா, "வந்துட்டா, வந்துட்டா!" என்று சீப்பைத் தேடினார். அம்மா வர இன்னும் நேரமிருக்கிறதே என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. சந்தோஷத்தில் டீ போடப் போனாள்.

டம்ளரோடு திரும்பியபோது வெளிச்சம் கதவை விட்டு நகர்ந்திருந்தது. கதவிலிருந்து கட்டிலை நோக்கி. கண்ணாடியில் பட்ட வெயில் எதிர்த்திசையில்தான் நகரும். கண்காட்சியில் ஒரு கண்ணாடியை வைத்துக் காட்டி நூறு பேருக்கு வாய் வலிக்க விளக்கிய விஷயம் அது. அடி மண்டு, மண்டு என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

"வாசல் வரைக்கும் வந்தா," என்றார் அப்பா. கண்ணில் நீர் நின்றது. "உள்ள வராம திரும்பிப் போறா. நான் என்ன சொன்னேன் அவளை?"

"இல்லப்பா, அது வெயிலுப்பா. வெறும் வெயிலு."

சந்துக்கு ஓடி, கண்ணாடியைக் கையால் பிடித்து, வெளிச்சத்தைக் கதவுக்கு இழுத்துவரப் பார்த்தாள். ஆளுயரக் கண்ணாடி பிடிக்குள் நிற்கவில்லை. வெளிச்சம் சுவரெல்லாம் தாறுமாறாகத் தாவியது. உள்ளே அப்பா பயந்து கத்தினார். கண்ணாடியைத் தரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "யாரும்மா நீ?" என்று அவர் கையை உதறிக்கொண்டார்.

ஐந்தரைக்கு அம்மா வந்தாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். பார்வையில் ஒரு மாற்றமும் இல்லை.

"யாருங்க நீங்க? வீட்டுல ஆள் இல்ல. அவ இப்பத்தான் கோவிச்சுக்கிட்டுப் போனா."

"ஏங்க, நான்தாங்க!"

"அவ எப்ப வருவான்னு தெரியாதுங்க," என்றார் அப்பா, அந்நியப் பெண்ணிடம் பேசுகிற கூச்சத்தோடு.

கண்ணாடி மறுநாளே பீரோவுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் போனவள் போனவள்தான். டாக்டர் மாத்திரையை மாற்றினார். மகள் கல்யாணப் போட்டோவைக் காட்டினாள். போட்டோவில் இருந்தவளைச் சரியாக அடையாளம் சொன்னார் அப்பா. "இவளை எங்கயாவது பாத்தா வரச் சொல்லும்மா." கண்காட்சிக்காரர்கள் அடுத்த தேதி கேட்டு மூன்று முறை போன் செய்தார்கள். அவள் எடுக்கவேயில்லை.

பன்னிரண்டாம் நாள் அம்மா கடையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வரலாமாங்க?"

"வாங்க."

"அவங்க வர்ற வரைக்கும் நான் இங்க உக்காந்திருக்கட்டுமா?"

அப்பா தன் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். "உக்காருங்க. ஆனா அந்த நாற்காலி வேணாம். அது அவளுது."

அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.