கொஞ்சம்னா எவ்வளவு?

என் தங்கைக்கு அளவு டேப்பே ஆகாது. ஆளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பாள், கத்தரியை எடுத்துத் துணியில் விடுவாள். கோட்டு உடம்புக்கென்றே பிறந்தது போல நிற்கும். கைராசிக்காரி என்று வருகிறவர்கள் எல்லாம் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். முறையாகத் தையல் படித்து, நூல் பிசகாமல் அளவெடுக்கிற நான் எங்கள் கடையில் பட்டன் தைக்கிறவள்.

அவள் மாடிப்படியில் வழுக்கி, வலது கைக்கு மாவுக்கட்டு போட்டிருந்த வாரத்தில்தான் அந்த மேடைப் பாடகர் வந்து நின்றார். அவருக்கு இடது தோள் ஏறியிருக்கும். தங்கை வெட்டும் கோட்டில் மட்டும் அது தெரியாது. அந்தக் கோட்டை ரயிலில் தொலைத்துவிட்டாராம். வாரக் கடைசியில் கச்சேரி.

"சரியா வரலைன்னா எங்க குழுவுக்கே வேற கடை பார்க்க வேண்டியதுதான்," என்றார். அவர் குழுவின் துணி போனால் எங்கள் கடைக்குப் பூட்டுதான்.

"தோள்ல எவ்வளவுடி விடணும்?" என்று தங்கையைக் கேட்டேன்.

"கொஞ்சம் விட்டு வெட்டுக்கா."

"கொஞ்சம்னா எவ்வளவு? கால் அங்குலமா, அரையா?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக இதே பதில். "கூடப் பொறந்தவகிட்டயே மூடி மறைக்கிறியா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? கை போற இடத்துல வெட்டுவேன். இப்ப கையே இல்ல, நான் என்ன பண்ண?" என்று கத்தினாள். கண் கலங்கிவிட்டது.

ஒத்திகைக்காகப் பழைய படுக்கை விரிப்பைக் கணக்குப்படி வெட்டி, பாடகர் மேல் போட்டுக் குண்டூசி குத்தினேன்.

"தப்பு," என்றாள் தங்கை.

"எங்க?"

"தெரியாது. ஆனா தப்பு."

தோளை ஏற்றினேன். தப்பு. இறக்கினேன். "அய்யோ, இன்னும் மோசம்!"

"நீங்க கத்துறதுல எனக்குத் தொண்டை கட்டிடும் போலிருக்கு," என்றார் பாடகர்.

"சும்மா நில்லுங்க!" என்று இருவரும் அவர் மேல் பாய்ந்தோம்.

ஆத்திரத்தில் வலது பக்க முதுகுத் துணியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன்.

"அங்கதான்! விடாதக்கா!"

இழுத்துப் பிடித்த மடிப்பில் டேப்பை வைத்தேன். முக்கால் அங்குலம். தோளிலேயே தேடிக்கொண்டிருந்தேன், பாழாய்ப்போன அந்தக் கொஞ்சம் முதுகில் இருந்திருக்கிறது.

நானே வெட்டினேன், நானே தைத்தேன். பாடகர் போட்டுப் பார்த்தார். தோள் ஏறியிருப்பது தெரியவில்லை. "தங்கச்சி கைராசியே தனி," என்று சொல்லிவிட்டுப் போனார். கத்தரியை மேசையில் எறிந்தேன்.

தங்கை அந்தப் படுக்கை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அளவெல்லாம் அதுல குறிச்சிட்டியா?"

"குறிச்சிட்டேன்."

"விரல் பழையபடி வருமான்னு டாக்டருக்கே தெரியலக்கா. இனிமே நான் எதுக்கு?"

பாடகர் மேல் இருந்த கோபமெல்லாம் இவள் பக்கம் திரும்பியது.

"அடுத்து வர்றவனுக்கு எந்தத் தோள் ஏறியிருக்கோ! எனக்கு அளக்கத்தான்டி தெரியும். தப்புன்னு கத்துறதுக்கு ஆள் வேணாமா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரு!"

இடது கையால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.