வெள்ளிக்கிழமைக்குத் திரும்பிய நகராட்சி

வியாழக்கிழமை காலை. நகராட்சிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இஞ்சினியர் எர்நான், ரொட்டியைக் காபியில் தோய்த்து வாயில் வைக்கப் போனபோது அலுவலகத்தின் பின்கதவு திறந்தது. முன்வாசலில் ஜனங்கள் டோக்கனோடு காத்துக் கிடக்கும்போது பின்கதவால் வரும் தைரியம் யாருக்கு இருக்கும்? வந்தவர் ரமீரோ. கையில் ஒரு தட்டு நிறைய, கிறிஸ்துமஸுக்குக்கூட எல்லோர் வீட்டிலும் கிடைக்காத கூய், அதாவது கினிப்பன்றி வறுவல்.

எர்நானின் மகளுக்கு ரமீரோ ஞானத்தகப்பன். ஆகவே இருவரும் ஒருவருக்கொருவர் ‘கொம்பாத்ரே’. எங்கள் மலையூரில் கூடப்பிறந்தவனுக்கு இல்லை என்று சொல்லிவிடலாம், கொம்பாத்ரேவுக்குச் சொல்ல முடியாது. சொன்னால் ஊரே காறித் துப்பும்.

“கொம்பாத்ரே, என் வீட்டு மாடி பிளானை உங்க ஆளுங்க திங்கக்கிழமை கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டாங்களாம். கொத்தனாருங்க வந்து சும்மா உக்காந்திருக்காங்க. கொஞ்சம் பாத்து எடுத்துக் குடுங்க.”

“மனு எழுதிக் குடுங்க. முறைப்படி வந்தா…”

“முறையா? அப்ப கொம்பாத்ரேன்னு நான் எதுக்கு இருக்கேன்? உங்க வீட்டு நாய்க்குக் கல்யாணம் பண்ணி வைக்கவா?”

எர்நான் சிரித்துவிட்டான். அங்கேதான் வழுக்கினான்.

நகராட்சியின் கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் ஒவ்வொரு வேலைநாள் இரவும் ஒரே பெரிய பொதியாகக் கட்டி வைக்கப்படும். பேக்கப் என்பார்கள். பிளான் திங்களன்று அழிந்ததால், கடைசியாக அது இருப்பது வெள்ளிக்கிழமைப் பொதியில். அதற்குள் தேடி அந்த ஒரு கோப்பை மட்டும் உருவி எடுப்பதுதான் ஒழுங்கு. ஆனால் பொதி பெரிது, தேடினால் மதியமாகிவிடும். ரமீரோ வேறு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எர்நான் வெள்ளிக்கிழமைப் பொதியை அப்படியே அவிழ்த்து, இருந்ததன் மேல் மொத்தமாகக் கொட்டிவிட்டான். பிளான் கிடைத்தது. கொம்பாத்ரே கட்டிப்பிடித்து முதுகில் தட்டிவிட்டுப் போனார். கூயை அலுவலகமே பங்கு போட்டுத் தின்றது.

சாப்பாட்டுக்குப் பிறகு கீழே கூச்சல் கேட்டது. எர்நான் இறங்கிப் போனான்.

மனு வாங்கும் ஜன்னல் முன்னால் சொய்லா நின்றுகொண்டிருந்தாள். பேருந்து நிலையத்து ஓரத்தில், வெயிலிலும் மழையிலும் பன்றி இறைச்சி சுட்டு விற்பவள். புதுச் சந்தையில் கடை கேட்டுச் செவ்வாயன்று மனு கொடுத்திருந்தாள். மனு வந்த வரிசைப்படிதான் கடை. இருக்கும் கடைகளோ கொஞ்சம். மனு வாங்குவது நேற்றோடு முடிந்தது; இன்று மாலை கடை கிடைத்தவர்களின் பெயர்கள் ஒட்டப்படும். இது தவறினால் இந்த ஜென்மத்தில் அவளுக்குக் கூரையின் கீழ் அடுப்பு கிடையாது.

“உங்க பேரே இல்லம்மா,” என்றாள் ஜன்னலில் இருந்த மரிபெல். “வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் ஒருத்தருமே மனு குடுக்கல.”

“சீட்டு குடுத்தியே தாயீ, உன் கையாலதானே முத்திரை குத்தின!”

“ஒரு நாளைக்கு எத்தன பேரு வர்றாங்க, எனக்கு ஞாபகம் இருக்குமா? கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. முத்திரையெல்லாம் இப்ப கடையிலயே செஞ்சு தர்றான்.”

வரிசையில் யாரோ, “இறைச்சியில எலும்பை வச்சு நிறுக்கற ஆளுதானே!” என்று சொல்ல, சிரிப்பு கிளம்பியது. சொய்லாவின் முகம் சிவந்தது. “நான் ஏழை. பொய்க்காரி இல்ல,” என்றாள். குரல் உடைந்துவிட்டது.

எர்நானுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மனுக்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. காலையில் அவன் கொட்டியதில் அதுவும் வெள்ளிக்கிழமைக்குத் திரும்பிவிட்டது. வாயை மூடிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஒரு படி ஏறவும் செய்தான். அப்புறம் என்ன தோன்றியதோ, பாவி, திரும்பி வந்தான்.

“மரிபெல், அந்தம்மா பொய் சொல்லல. தப்பு என்னுது. எனக்கு வேண்டியவருக்கு ஒரே ஒரு ஃபைல் எடுக்கறதுக்காக, எல்லாருடையதையும் அழிச்சுட்டேன்.”

கூடத்தில் வசவு கிளம்பியது, கொஞ்சநஞ்சமல்ல. எர்நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு மாடி ஏறினான். முந்தின இரவுப் பொதியைத் திறந்து, மனுக்கள் இருந்த அந்த ஒற்றைக் கோப்பை மட்டும் முதலில் பொறுமையாகத் தேடி எடுத்தான். காலையில் செய்திருக்க வேண்டிய வேலை. சொய்லாவின் பெயர் இருந்தது, வரிசையின் கடைசிப் பக்கத்தில், கடை கிடைக்குமா கிடைக்காதா என்ற இடத்தில்.

அவளை மேலே கூப்பிட்டுக் காட்டினான். மனசு கேட்கவில்லை.

“அம்மா, என்னால உங்களுக்கு இவ்வளவு அவமானம். உங்க பேர முதல் இடத்துல போட்டுடறேன். யாருக்கும் தெரியாது.”

சொய்லா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏன் இஞ்சினியரே, அப்ப எனக்கு முன்னால நின்னவ எந்த ஜன்னல்ல போய் அழுவா? காலையில உங்க ஆளுக்குச் செஞ்சீங்க, அது என் தலையில விடிஞ்சுது. இப்ப எனக்குச் செஞ்சா இன்னொருத்தி தலையில விடியும். வரிசையைத் தாண்டிச் செய்யற உதவி எதுவும் உதவியில்லைய்யா, அடுத்தவன்கிட்ட புடுங்கிக் குடுக்கறது. என் பேர என் இடத்துலயே வைங்க. கெடச்சா கெடைக்கட்டும்.”

எர்நான் பெயரை அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கோப்பை மூடினான். சொய்லா கீழே இறங்கிப் போய், பெயர்ப் பட்டியலுக்குக் காத்திருந்த வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள்.